பேட்ஜ் வைக்கும் இடம்

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் வருகிற வெயிலில் எங்கள் சந்தில் யாரும் உடம்பில் நூல் ஒட்டாமல் வெளியே போய்விட முடியாது. தையல்காரம்மா வீட்டிலிருந்து கிளம்பும் நூல் துணுக்குகள் காற்றோடு வந்து கொடியில் காயும் துணியிலும், மூடாத பால் பாத்திரத்திலும், தூங்குகிற பிள்ளைகளின் தலைமுடியிலும் உட்காரும். சோற்றில் நீல நூல் வந்துவிட்டால் பள்ளிக்கூட வேலை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். எங்கப்பா தட்டைத் தூக்கிப் பார்த்து, "இன்னைக்கு என்ன, கால்சட்டைக் குழம்பா?" என்று கேட்பார்.

அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அந்தப் பக்கம் மிஷின் ஓடினால் இந்தப் பக்கம் அலமாரித் தட்டில் டம்ளர்கள் நடுங்கும். பக்கத்தையல் ஓடினால் நீளமாக அதிரும். காலர் என்றால் விட்டுவிட்டு அதிரும். டம்ளர் சும்மா இருந்தால் அவர்கள் சாப்பிடுகிறார்கள், இல்லையென்றால் சண்டை போடுகிறார்கள்.

முன்னறை முழுக்க ஒரு மேஜை. அதில் துணியை அடுக்கடுக்காக விரித்து, சாக்பீஸால் கோடு போட்டு, பெரிய கத்தரியால் வெட்டுவது கட்டிங் மாஸ்டர், தையல்காரம்மாவின் புருஷன். அவர் வாயில் எப்போதும் நாலைந்து குண்டூசி இருக்கும். அதனால் பேசமாட்டார் என்று நினைப்போம். குண்டூசி இல்லாத நேரத்திலும் பேசமாட்டார். ஜன்னலோரம் மிஷினில் தையல்காரம்மா. கதவுப்பக்கம் பாய் போட்டு உட்கார்ந்து காஜா எடுப்பதும் பட்டன் வைப்பதும் மாஸ்டரின் அக்கா. புருஷன் செத்த பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். ஊசி எவ்வளவு வேகமாகப் போகுமோ அவ்வளவு வேகமாக வாயும் போகும். சந்தில் எல்லோருக்கும் அவர் அத்தை.

அவர்களுக்கு ஒரே பெண். பள்ளியில் கூப்பிடும் பேர் வேறு, சந்தில் அவள் பட்டன். தவழுகிற வயதில் ஒரு சட்டைப் பட்டனை விழுங்கிவிட்டாள். டாக்டர், தானாக வெளியே வரும், பார்த்துக்கொண்டே இருங்கள் என்று சொல்லிவிட்டார். வீடே வேலையை விட்டுவிட்டு அவள் பின்னால் உட்கார்ந்து காத்திருந்தது. வந்ததும் அத்தை அதைக் கழுவி, "நாலு ஓட்டை பட்டன். எந்த ஆளு சட்டையில போய் உட்காரப் போகுதோ, பாவம்" என்றாராம். பதிமூன்று வயதாகியும் அந்தப் பெயர் போகவில்லை. அவளும் கூப்பிட்டால் திரும்புவாள்.

சந்து முனையில் இருக்கும் பள்ளிக்கூடத்தின் சீருடை முழுக்க இந்த வீட்டில்தான் தைக்கப்பட்டது. தையல்காரம்மாவுக்கு ஒரு வழக்கம். வளர்கிற பிள்ளைகளுக்கு உள்பக்கம் துணி விட்டுத் தைப்பார். அடுத்த வருஷம் பிரித்துவிட்டால் இன்னொரு வருஷம் ஓடும். "நான் தச்சது புள்ளைகூடவே வளரும்" என்பார். தையலைப் பற்றி யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

அந்த வருஷம் பள்ளியில் குத்துகிற பேட்ஜை எடுத்துவிட்டுத் துணி பேட்ஜ் கொண்டுவந்தார்கள். இடது மார்பில், பாக்கெட்டுக்கு மேலே, நாலு பக்கமும் தைக்க வேண்டும். வகுப்பு தொடங்கிச் சில நாட்களிலேயே பட்டன் வந்து சொன்னாள்.

"அம்மா, பேட்ஜ் கோணலா இருக்காம்."

மிஷின் நின்றது. "எவன் சொன்னான்?"

"யூனிஃபார்ம் சார்."

அவர் நடத்துவது சரித்திரப் பாடம். ஆனால் அது யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. காலையில் பள்ளி கேட்டில் நின்று ஒவ்வொரு பிள்ளையின் சீருடையையும் பார்த்து உள்ளே விடுவது அவர் பொறுப்பு. ஒழுங்கு, நகம், முடி, ஷூ எல்லாம் அவர்தான். இந்த வீட்டுக்கு அவரைத் தெரியும். அவருடைய பேண்ட் மாஸ்டர் கையால் வெட்டினதுதான். அளவு கொடுக்க வரும்போது மேஜை ஓரத்தில் சாய்ந்து டீ குடிப்பார். "மாஸ்டர், நீங்க தச்சா இடுப்புல இருக்கறதே தெரியல" என்பார். பள்ளிக்கூட ஆர்டர் இந்த வீட்டுக்கு வந்ததே அவர் சொல்லித்தான்.

"கழட்டு அதை" என்றார் தையல்காரம்மா. சட்டையை மேஜையில் விரித்து, டேப்பை வைத்து, பேட்ஜின் நாலு மூலையையும் அளந்தார். "பாருங்க அண்ணி. ஒரு நூல் வித்தியாசம் இருக்கா?"

அத்தை கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "செங்கல் வச்ச மாதிரி இருக்கு. அந்தாளு கண்ணுலதான் கோணல்."

"இருந்தாலும் சொல்லிட்டாரே."

பிளேடால் பிரித்து, மறுபடி வைத்து, இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தார். "இப்ப யானை இழுத்தாலும் அசையாது. போய்ச் சொல்லு."

பட்டன் சட்டையை வாங்கி மடியில் வைத்து, பேட்ஜின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். பிறகு, "அம்மா, பேட்ஜைச் சட்டைக் கையில வச்சுத் தாயேன்" என்றாள்.

"கையில வைக்க நீ என்ன போலீஸா?" என்று அத்தை கேட்க, மாஸ்டர்கூட குண்டூசியோடு சிரித்தார். அவளும் சிரித்தாள்.

அடுத்த வாரமும் அதே பேச்சு வந்தது. இந்த முறை அவளாகச் சொல்லவில்லை. அம்மா கேட்ட பிறகுதான் சொன்னாள்.

"சார் இப்ப என்ன சொல்றாரு?"

"ஒண்ணும் சொல்லல. சரி பண்றாரு."

"எதை?"

"பேட்ஜை."

"எப்ப?"

"தினமுந்தான்."

"தச்ச பேட்ஜை எப்படிடி சரி பண்ணுவாரு?"

"அப்படித்தான்."

"உனக்கு மட்டுமா?"

"மத்தவங்களுக்கும். ஆனா எல்லாருக்கும் இல்ல." சொல்லிவிட்டுத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.

இந்தச் சொற்கள் அப்படியே சுவர் தாண்டி எங்களுக்கும் கேட்டன. எங்கம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். கை நிற்கவில்லை. வேறு எந்த வீட்டில் சொல்லியிருந்தாலும் யாராவது ஒருவர் தலை நிமிர்ந்திருப்பாரோ என்னவோ. அது தையல் வீடு. ஒரு பெண் பேட்ஜைப் பற்றிச் சொன்னால் அங்கே எல்லோர் கண்ணும் பேட்ஜுக்குத்தான் போகும்.

"பாத்தீங்களா அண்ணி?" என்றார் தையல்காரம்மா. "எவனோ உள்ள புகுந்திருக்கான். கடைத்தெரு டெய்லர் வேலைதான் இது. என் தையல் சரியில்லன்னு சார் காதுல ஓதியிருக்கான். இல்லன்னா இவ்வளவு நாள் இல்லாத குறை இப்ப எங்கிருந்து வருது?"

"கமிஷன் குடுத்திருப்பான்" என்றார் அத்தை. "அந்தாளு போட்டிருக்கற பேண்ட்டே நம்ம பேண்ட்டு. நன்றி இருக்கா பாரு."

"சார் அப்படிப்பட்ட ஆளில்ல" என்றார் மாஸ்டர்.

"நீ குண்டூசியை முழுங்கிடாத, உன் வேலையைப் பாரு" என்றார் அத்தை.

மழைக்காலம் வந்தது. சந்தில் தண்ணீர் நின்றது. துணி எல்லாம் நமுத்துப்போய் கத்தரிக்கு வழுக்கியது. தேய்ப்புப் பெட்டி ஓயாமல் சூடாகிக் கொண்டிருந்தது, வீட்டில் ஈரத்துணி வேகிற வாசனை. அந்தக் காலத்தில் ஒன்றை எல்லோரும் பார்த்தோம். வெயில் நாளில் பட்டனுக்குக் காலையில் வயிறு வலிக்கும். ஒரு ரொட்டித் துண்டு வாயில் வைத்தால் வாந்தி வரும். அவளைப் பள்ளிக்குத் தள்ளிக்கொண்டுபோய் விடுவதற்குள் அத்தைக்குத் தொண்டை வறண்டுவிடும். மழை பெய்கிற நாளில் அப்படி இல்லை. தானாக எழுந்து, முட்டை கேட்டுத் தின்று, கழுத்து முதல் முழங்கால்வரை வரும் ரப்பர் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு தண்ணீரில் குதித்துக்கொண்டே போவாள். கேட்டைத் தாண்டி வகுப்புக்குப் போய்த்தான் கோட்டைக் கழற்றுவாளாம்.

"தவளை ஜென்மம்" என்று அத்தை சிரித்தார்.

மழை விட்டதும் வயிற்றுவலி திரும்பி வந்தது. அன்றைக்கு தையல்காரம்மா மிஷினை மூடிவிட்டு எழுந்தார். கழுத்தில் டேப்பு அப்படியே தொங்கியது. "நானே வந்து கேக்கறேன். என் கண்ணு முன்னாடி காட்டட்டும், எது கோணல்னு" என்றார். பட்டன், வேண்டாம்மா, வேண்டாம்மா என்று சந்து முனைவரை சொல்லிக்கொண்டே போனாள். குறை சொல்லப்பட்ட கோபத்தில் அவருக்கு அது காதில் விழவில்லை.

பிறகு அவர் இதைச் சொல்லாத ஆள் இல்லை. எங்கம்மாவிடமே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் நிறுத்திவிடுவார். நடந்தது இதுதான்.

கேட்டில் யூனிஃபார்ம் சார் நின்றிருந்தார். தையல்காரம்மாவைப் பார்த்ததும் சிரித்தார்.

"வாங்கம்மா. என்ன நீங்களே கிளம்பி வந்துட்டீங்க?"

"பேட்ஜ் சரியில்லன்னு சொன்னீங்களாம் சார். தினமும் சரி பண்றீங்களாம். என்ன தப்புன்னு காட்டுங்க. திருத்திக்கறேன்."

"அதுக்கா? லேசாதாம்மா. பெரிசா ஒண்ணுமில்ல."

"லேசா இருந்தாலும் தப்பு தப்புத்தானே சார். காட்டுங்க."

அவர் பட்டனைப் பார்த்து, "வா இங்க" என்றார்.

பட்டன் ஒரு எட்டு பின்னால் வந்தாள். அவள் முதுகு அம்மாவின் வயிற்றில் இடித்தது. தையல்காரம்மா அவள் முதுகில் கையை வைத்து முன்னால் தள்ளி, "நில்லுடி, சார் காட்டட்டும்" என்றார்.

இந்த இடத்தில்தான் நிறுத்துவார். மீதி கொஞ்சம் கழித்துத்தான் வரும்.

சார் ரெண்டு விரலால் பேட்ஜின் ஓரத்தைத் தொட்டு, "இங்க, இப்படி" என்றார். தாயின் முன்னால் அவ்வளவுதான். ஆனால் தையல்காரம்மா பேட்ஜைப் பார்க்கவில்லை. அவர் கை பெண்ணின் முதுகில் இருந்தது. ஊசி போடும்போது குழந்தை உடம்பை இறுக்குமே, அப்படி அந்த முதுகு துணிக்கு அடியில் கல்லாகியது. மூச்சு நின்றது. விரல் வந்த பிறகு அல்ல, விரல் வருவதற்கு முன்னாலேயே. எவ்வளவு நேரம் மூச்சைப் பிடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கேட்டில் எத்தனையோ நாள் நின்று பழகின முதுகு அது.

வரிசையில் அடுத்து நின்ற பெண் புத்தகப்பையை முதுகிலிருந்து எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். அவளுக்கு அடுத்தவளும்.

தையல்காரம்மா பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தார். "என்னம்மா, கிளாஸுக்குப் போகலையா?" என்று சார் பின்னாலிருந்து கேட்டார். சந்தில் நாங்கள் பார்த்தபோது அவர் காலில் செருப்பு இல்லை. எங்கே விட்டார் என்று அவருக்கே தெரியவில்லை.

அன்றைக்கு டம்ளர் நடுங்கவில்லை.

"எத்தனை தடவை சொன்னா!" என்று அந்தப் பக்கம் தையல்காரம்மா தன் முகத்தில் அறைந்துகொள்ளும் சத்தம் கேட்டது. "சொன்னா அண்ணி, ஒவ்வொரு தடவையும் சொன்னா. நான் ரெட்டைத் தையல் போட்டுக் குடுத்தேன்."

அத்தை கண்ணாடியைக் கழற்றிப் பாயில் வைத்தார்.

முன்னறைக் கம்பியில் சாருடைய பேண்ட் தைத்து முடித்துத் தேய்த்துத் தொங்கிக் கொண்டிருந்தது. தையல்காரம்மா பெரிய கத்தரியை எடுத்தார். மாஸ்டர் ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"விடுங்க."

"துணி என்ன பண்ணுச்சு? ஏய், துணி என்ன பண்ணுச்சு?"

கத்தரியைப் பிடுங்கி மேஜையில் வைத்தார். பேண்ட்டை மடித்துக் காகிதத்தில் சுற்றி, அந்த வழியாகப் போன பள்ளிக்கூட பியூனிடம் கொடுத்தும் விட்டார்.

மறுநாள் ரெண்டு பேரும் பள்ளித் தலைமையாசிரியையான பெரிய மிஸ்ஸைப் பார்க்கப் போனார்கள். மாஸ்டர் கதவோரம் நின்றார். பெரிய மிஸ் உட்காரச் சொன்னார், டீ சொல்லி அனுப்பினார். நல்லவிதமாகத்தான் பேசினார்.

"பாப்பா சரியா என்ன வார்த்தை சொன்னா?"

"பேட்ஜை சரி பண்றாருன்னு சொன்னா மிஸ்."

"அது அவர் வேலைம்மா. நான்தான் அதுக்கு அவரைப் போட்டிருக்கேன்."

"அப்படி இல்ல மிஸ். நான் பாத்தேன். புள்ள முதுகு…"

"நீங்க பாக்கும்போது ஏதாவது தப்பா நடந்துகிட்டாரா?"

"இல்ல. என் முன்னாடி எப்படி நடப்பாரு?"

"அப்ப என்னம்மா சொல்றீங்க? ஒரு மனுஷன் பேரு போயிடும். இத்தனை வருஷமா ஒரு புகார் கிடையாது. வெளியில புகார்ப்பெட்டி வச்சிருக்கோம், பாத்தீங்களா? மேலயே பெரிசா எழுதியிருக்கோம், குழந்தைகளைப் பாதுகாப்போம்னு. ஒரு துண்டுச்சீட்டு இதுவரை விழுந்ததில்ல."

"அந்தப் பெட்டிச் சாவி யாருகிட்ட இருக்கு மிஸ்?"

பெரிய மிஸ் டீயைக் கலக்கினார். "ஒழுங்குப் பொறுப்பு யாருக்கிட்ட இருக்கோ அவங்ககிட்டதான் இருக்கும்."

"அவருகிட்ட."

"அது ஒரு நடைமுறைம்மா."

தையல்காரம்மாவுக்கு வாதம் செய்து பழக்கமில்லை. தனக்குத் தெரிந்த ஒரே சாட்சியைச் சொன்னார். "மழை பேஞ்சா எம் பொண்ணு பயமில்லாம வர்றா மிஸ். மழைக்கோட்டு போட்டுக்கிட்டு கேட்டைத் தாண்டிடுவா. வெயில் அடிச்சா வாந்தி எடுக்கறா. இது போதாதா?"

பெரிய மிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். வெகுநேரத்துக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

"இது நல்ல யோசனையா இருக்கே. எல்லாப் பொண்ணுங்களுக்கும் சட்டைக்கு மேல ஒரு கோட்டு. கையில்லாம, நீளமா, லூசா. வளர்ற பொண்ணுங்க, பாக்கவும் அடக்கமா இருக்கும். நீங்களே தைங்க. வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்."

"மிஸ், நான் அதைக் கேட்டு வரல."

"எனக்குப் புரியுதும்மா. பாப்பா கொஞ்ச நாள் வீட்ல இருக்கட்டும். பேச்சு அடங்கட்டும். வேற ஸ்கூல் போகணும்னாலும் நானே டிசி தர்றேன், நல்லபடியா எழுதி."

வெளியே வந்ததும் மாஸ்டர், "டீயைக் குடிக்காம வந்துட்டியே" என்றார்.

சந்துக்கு விஷயம் தெரிந்தது. மேல்வீட்டுக்காரம்மா வந்து, "பொம்பளப் புள்ள பேரு அடிபடக்கூடாது, அதைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பெண்ணும் அதே பள்ளியில்தான் படித்தாள். தையல்காரம்மா கடைசிப் படிவரை பின்னால் போய், "உங்க பொண்ணை ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க" என்றார். "எங்க பொண்ணு அப்படிப்பட்டவ இல்ல" என்று பதில் வந்தது. இன்னும் ரெண்டு மூன்று வீட்டிலும் அப்படித்தான். எங்கம்மா அவர்கள் வீட்டுக்குப் போய் வெகுநேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்துக்கு உங்களோடு வருகிறேன் என்று எங்கம்மாவும் சொல்லவில்லை.

கோட்டுத் துணி வந்து இறங்கியது. கூடவே மாதிரிக்கு ஒரு கோட்டு. அதன் இடது மார்பில் சாக்பீஸால் ஒரு சதுரம் போட்டிருந்தது, பேட்ஜ் இனிமேல் கோட்டில், இந்த இடத்தில் என்று.

"கோடு யாரு போட்டது?" என்று தையல்காரம்மா பியூனைக் கேட்டார்.

"சார்தான். வேற யாரு?"

பியூன் போன பிறகு முன்னறையில் பேச்சு நடந்தது.

"நான் தைக்க மாட்டேன்" என்றார் தையல்காரம்மா.

"கோட்டு போட்டா சரியாயிடும்ல" என்றார் மாஸ்டர். குண்டூசியை எடுத்துவிட்டுப் பேசினார்.

"யாரு சரியாயிடுவா?"

"புள்ளைங்களுக்கு ஒரு மறைப்பு…"

"அவன் விரலுக்குக் கோட்டு தைக்கச் சொல்லுங்க, தைக்கறேன்."

"கத்தாத. சுவரு."

"கேக்கட்டும். சந்துக்கே கேக்கட்டும். எல்லாருக்கும் காது மட்டும் நல்லா இருக்கு."

சுவரின் இந்தப் பக்கம் எங்கம்மா அடுப்பை நோக்கித் திரும்பிக்கொண்டார்.

"நாம தைக்கலன்னா கடைத்தெருக்காரன் தைப்பான்" என்றார் மாஸ்டர். "அப்புறம் நாம என்னத்த தின்னுவோம்? மேஜையையா?"

மாஸ்டர் துணியை விரித்தார். கத்தரி ஓடும் சத்தம் கேட்டது. மறுநாள் காலை டம்ளர்கள் நடுங்கத் தொடங்கின.

பட்டன் வீட்டில் இருந்தாள். யாரும் சொல்லாமலே அத்தையின் பாயில் ஒரு ஓரம் உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டினாள். வெட்டின பிசிறைக் காற்றில் விடாமல் ஒரு டப்பாவில் போட்டாள். பள்ளிப் பிள்ளைகள் சந்தில் போகும் நேரம் மட்டும் பின்பக்கம் போய்விடுவாள். அத்தை அவளைச் சிரிக்கவைக்க என்னென்னவோ செய்து பார்த்தார். பட்டன் விழுங்கின கதையைக்கூடச் சொன்னார். அவள், "அதைச் சொல்லாதீங்க அத்தை" என்றாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் அவளைப் பட்டன் என்று கூப்பிடவில்லை.

கோட்டெல்லாம் முடிந்து பேட்ஜ் மட்டும் மிச்சம் இருந்தது. மாதிரியைப் பார்த்து எல்லாக் கோட்டிலும் மாஸ்டர் சதுரம் போட்டு வைத்திருந்தார். மாஸ்டர் நூல் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். தையல்காரம்மா முதல் கோட்டை மிஷினில் வைத்தார், பேட்ஜை எடுத்தார், சாக்பீஸ் சதுரத்தின் மேல் வைத்தார். ஊசி இறங்கவில்லை. கால் பெடலில் இருக்கிறது, அழுத்த முடியவில்லை.

"நீ சொல்லு" என்று திரும்பிப் பெண்ணைக் கேட்டார். "எங்க வைக்கட்டும்?"

அவள் வெட்டின பிசிறை டப்பாவில் போட்டாள். பிறகு கையைத் தூக்கித் தன் பின்கழுத்துக்குக் கீழே, முதுகில், எட்டாத இடத்தைத் தொட முயன்று காட்டினாள்.

அத்தை பாபினில் நூல் சுற்றிக் கொடுத்தார்.

மாஸ்டர் வருவதற்குள் பாதி முடிந்திருந்தது. மீதியை அவர் தூங்கும் மத்தியானங்களில் முடித்தார்கள். தேய்த்து, இடது மார்பும் முதுகும் உள்ளே போக மடித்து, ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டார்கள். மாஸ்டர் மூட்டையைத் தள்ளுவண்டியில் வைத்துப் பள்ளியில் இறக்கிவிட்டு வந்தார். அலுவலகத்தில் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்பினார்கள்.

ஒரே ஒரு நாள்தான். அந்தக் காலையில் சந்து முழுக்க வாசலில் நின்று பார்த்தோம். நீலக் கோட்டுப் போட்ட பெண்கள், முன்பக்கம் வெறுமனே, முதுகில் பேட்ஜோடு போனார்கள். ஒருத்தியை ஒருத்தி முதுகில் தட்டிச் சிரித்துக்கொண்டு போனார்கள். கேட்டில் யூனிஃபார்ம் சார் நின்றிருந்தார். சரிசெய்வதற்கு அவருக்கு முன்னால் ஒன்றும் இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார் என்று பியூன் சொன்னார்.

சாயந்திரமே மூட்டை திரும்பி வந்தது. "கேலி பண்றீங்களா? பைத்தியம் பிடிச்சிருக்கா உங்க வீட்டம்மாவுக்கு?" என்று பெரிய மிஸ் போனில் கேட்டது மாஸ்டரின் காதுக்கு வெளியேயும் கேட்டது. அவர், "இல்லங்க மிஸ். சரிங்க மிஸ். மாத்திடறோம் மிஸ்" என்றார்.

தையல்காரம்மா மிஷினைத் தொடவில்லை. அத்தை ஊசியைத் தொடவில்லை. மாஸ்டரே உட்கார்ந்தார். பிளேடால் ஒவ்வொரு பேட்ஜாகப் பிரித்தார். அவரே மிஷினில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக இடது மார்பில் வைத்துத் தைத்தார். சாக்பீஸ் சதுரத்தின் மேலேயே, ஒரு நூல் பிசகாமல். நடுவில் ஒரு தடவை அழுதார். மிஷின் நிற்கவில்லை, டம்ளர் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. பெண் அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய் வைத்தாள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதுதான் அவர்களுக்குக் கடைசி ஆர்டர். கேட்டிலும் அதே ஆள்தான். வேறு பள்ளியில் நடுவருஷத்தில் சேர்க்க மாட்டோம் என்றார்கள். "ஏன் அங்கிருந்து நின்னா?" என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்காமல் பெண்ணை மேலும் கீழும் பார்த்தார்கள். அவள், "வேணாம்மா, வீட்டுக்குப் போகலாம்" என்றாள்.

பிரித்த துணியில் ஊசித்துளை போகாது. புதுத்துணி வேறு. காலையில் பெண்கள் போகும்போது ஒவ்வொரு முதுகிலும் கழுத்துக்குக் கீழே ஒரு சதுரம், பொடிப்பொடி ஓட்டையாய், வெயில் பட்டால் தெரியும். அத்தை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "துவைக்கத் துவைக்க மறைஞ்சிடும்" என்றார்.

"டெரிகாட்டன்ல மறையாது அண்ணி" என்றார் தையல்காரம்மா.

கொஞ்ச நாள் கழித்து ஒரு சாயந்திரம் பையோடு ஒரு சின்னப் பெண் அந்த வாசலில் வந்து நின்றாள். ஆறாவது படிப்பாள் போலிருந்தது. செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். தையல்காரம்மா யாரோ ஒருவரின் தலையணை உறைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாப்பா?"

அவள் பையிலிருந்து கோட்டை எடுத்து நீட்டினாள்.

"பேட்ஜ்."

"கோணலா இருக்குன்னாரா?" தையல்காரம்மா மிஷினை நிறுத்தினார்.

சின்னப் பெண் இல்லை என்றும் ஆமாம் என்றும் தலையை ஆட்டினாள். "அன்னைக்கு மாதிரி பின்னாடியே வச்சுத் தர்றீங்களா?"

"வச்சா அனுப்பிடுவாங்க பாப்பா. கிளாஸுக்கு வெளிய நிக்க வைப்பாங்க. வருஷம் பூரா நிக்க வைப்பாங்க."

"வெளிய நிக்கறது பரவால்ல" என்றாள் அவள்.

மிஷின் முன்னால் இருந்த அம்மா எழுந்திருக்கவில்லை. உள்ளேயிருந்து அவர் பெண்தான் வந்தாள். வெகுநாளைக்குப் பிறகு, பள்ளி விடுகிற நேரத்தில் வாசல்வரை வந்தாள். கோட்டை வாங்கினாள். பாயில் உட்கார்ந்து பிளேடால் முன்பக்கத்துத் தையலை ஒவ்வொரு நூலாகப் பிரித்தாள். பிறகு கோட்டைத் திருப்பிப் போட்டு, முதுகில் இருந்த பழைய துளைகளை விரலால் தடவித் தேடினாள். புதிதாக ஒன்றும் குத்த வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு துளையிலும் ஊசி தானாகவே இறங்கியது.